எந்த இரவில் ஆடுவது?



ஒரு காற்பந்துக் குழு தன் சொந்தத் திடலில் எந்தக் கிழமை, எந்த நேரத்தில் ஆட வேண்டும்? கேட்பதற்கு இது சின்னக் கேள்வியாகத்தான் தோன்றும். ஆடுகிற பிள்ளைகளுக்கு எந்த நாள் தோதோ, அந்த நாளில் ஆடட்டும் என்று சொல்லிவிடலாம். நாமும் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் சொன்னோம். சொன்னதன் பலனை அடுத்து வந்த திங்கட்கிழமைகளில் நம் வகுப்பறையிலேயே பார்த்தோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், இந்தக் கேள்வியை மிகவும் கவனமாக எண்ணிப் பார்த்த ஓர் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

காற்பந்து என்றால் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி என்பது இங்கிலாந்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அந்த மூன்று மணி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆட்டக்காரர்கள் கூடிப் பேசி வைத்த நேரமன்று. அது தொழிலாளர்களால் வந்த நேரம். 1850ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. நெசவாலைகளில் பெண்களையும் இளம் வயதினரையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அச்சட்டம். பெண்களும் பிள்ளைகளும் போய்விட்டால் இயந்திரத்தை ஓட்ட ஆளில்லை. ஆகவே ஆண்களுக்கும் அரைநாள் ஓய்வு கிடைத்தது. பிறகு மற்றத் தொழில்களுக்கும் இந்தச் சனிக்கிழமை அரைநாள் பரவியது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால், கை கால் கழுவி, ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு திடலுக்கு நடந்து சேர மூன்று மணியாகும். 1888இல் பன்னிரண்டு குழுக்கள் சேர்ந்து காற்பந்து லீக் தொடங்கியபோது, அதன் முதல் ஆட்டங்கள் செப்டம்பர் 8ஆம் தேதி நடைபெற்றன. அதுவும் சனிக்கிழமையே.

நம் தோட்டத்தில் பெரட்டு மணியும் பால் நிறுக்கும் நேரமும் சேர்ந்து நம் நாளை எப்படி அறுத்து வைத்திருக்கின்றனவோ, அப்படியே அங்கே ஆலைச் சங்கு அறுத்து வைத்தது என்று கொள்ளுங்கள்.

இரவில் ஆடுவதற்கு விளக்கு வேண்டும். 1878ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியே ஷெஃபீல்டு நகரில் மின்விளக்கு வெளிச்சத்தில் ஓர் ஆட்டம் நடத்திக் காட்டினார்கள். மின்விளக்கு என்பதே அப்போது ஒரு வேடிக்கைப் பொருள். ஆனால் விளக்கு வந்துவிட்டதால் அனுமதி வந்துவிடவில்லை. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 1930இல் விளக்கொளி ஆட்டங்களுக்குத் தடை போட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1950இல்தான் அத்தடை தளர்ந்தது. 1954 டிசம்பரில் வால்வர்ஹாம்டன் வாண்டரர்ஸ் குழு, ஹங்கேரியின் புகழ்பெற்ற ஹொன்வெட் குழுவை விளக்கொளியில் எதிர்த்து மூன்றுக்கு இரண்டு என்று வென்றபோது நாடே அதைப் பேசியது. லீக் ஆட்டம் ஒன்று முதன்முதலாக விளக்கின் கீழ் நடந்தது 1956 பிப்ரவரி 22இல், போர்ட்ஸ்மத் திடலில். ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டிருந்த ஆட்டம் அன்றுதான் அவிழ்ந்தது எனலாம். அதுவரை 'எப்போது ஆடலாம்' என்பது கதிரவன் தீர்மானிக்கிற விஷயம். அதன் பிறகு குழு தீர்மானிக்கிற விஷயமாயிற்று.

இப்போது மெர்சி ஆற்றங்கரைக்கு வருவோம். ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல் நகரம். அங்கே இரண்டு பெரிய குழுக்கள்: எவர்டன், லிவர்பூல். எவர்டன் குழு 1892இல் குடிசன் பார்க் திடலுக்குப் போனது முதல் 2025 வரையில், இரண்டு குழுக்களின் திடல்களுக்கும் இடையே ஒரு பூங்காதான் இருந்தது. ஆற்றின் எதிர்க்கரையில் பிர்க்கன்ஹெட் என்னும் கப்பல் கட்டும் ஊர். அங்கேயும் ஒரு காற்பந்துக் குழு உண்டு. பெயர் டிரான்மியர் ரோவர்ஸ். 1884இல் பிறந்தது, 1912 முதல் பிரென்டன் பார்க் என்னும் திடலில் ஆடி வருகிறது. சிறிய குழு. பெரும்பாலும் கீழ்ப் பிரிவுகளிலேயே காலம் தள்ளிய குழு.

அந்தச் சிறிய குழுவின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒரே நகரத்தில் இரண்டு பெரிய குழுக்கள் இருக்கும்போது, இரண்டையும் ஒரே நாளில் சொந்தத் திடலில் ஆட விடுவது வழக்கமில்லை. போலீசுக்கும் பேருந்துக்கும் தாங்காது. ஆகவே இந்தச் சனிக்கிழமை எவர்டன் ஊரில் ஆடினால் லிவர்பூல் வெளியூரில் இருக்கும். அடுத்த சனிக்கிழமை அது மாறும். நகரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் டிரான்மியருக்கு? பெரிய குழு ஒன்றே ஒன்று இருந்திருந்தால், அது வெளியூர் போகிற வாரம் டிரான்மியருக்குக் காலியாகக் கிடைத்திருக்கும். இரண்டு இருப்பதால் காலியான சனிக்கிழமை என்று ஒன்று இல்லவே இல்லை. எந்தச் சனிக்கிழமை கடை திறந்தாலும் எதிர்க்கரையில் பெரிய கடை திறந்திருக்கிறது. ஆற்றுக்கு அடியில் 1886 முதலே ரயில் ஓடுகிறது, படகும் உண்டு. கப்பல் பட்டறைத் தொழிலாளி அரைநாள் வேலை முடிந்ததும் அக்கரைக்குப் போய்விடுவான்.

1960களில் டிரான்மியரின் மேலாளராக இருந்த டேவ் ரஸ்ஸல் என்பவர், வீட்டு ஆட்டங்களை முறையாக வெள்ளிக்கிழமை இரவுக்கு மாற்றினார். இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். அவர் ரசிகர்களைப் பார்த்து, 'நீ எங்கள் ஆளா, அக்கரை ஆளா?' என்று கேட்கவில்லை. வெள்ளி இரவு எங்களைப் பார், சனி பிற்பகல் எவர்டனையோ லிவர்பூலையோ போய்ப் பார் என்று வழி விட்டார். சண்டை போட்டால் தோற்றுப் போகக்கூடிய இடத்தில் சண்டையே இல்லாமல் செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு வேறு பலமும் உண்டு. அந்நாள்களில் இங்கிலாந்துத் தொழிலாளர்களுக்குக் கூலி வாரக் கூலி. அதைப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் கையில் கொடுப்பார்கள். சட்டைப் பையில் காசு இருக்கிற இரவு அது. செவ்வாய், புதன் இரவுகளிலும் ஆடலாம். ஆனால் அந்த இரவுகளில் பெரிய குழுக்களுக்குக் கிண்ண ஆட்டங்கள் வந்து விழும். வெள்ளி இரவில் அப்படி எதுவும் வருவதில்லை. மான்செஸ்டர் நகரத்தின் நிழலில் இருந்த ஸ்டாக்போர்ட் கவுண்டி என்னும் குழுவும் இதே கணக்கைப் போட்டு வெள்ளி இரவுகளில் ஆடியது.

பாதகம் இல்லையா என்றால், உண்டு. எதிராட வரும் குழுவின் ரசிகர் வேலை விட்டு, ரயில் பிடித்து, இரவு ஏழரைக்குள் வந்து சேர முடியாது. ஆகவே வெளியூர்க் கூட்டம் குறையும். விளக்குச் செலவு வேறு. டிரான்மியர் பார்த்தது, போவது அதிகமா வருவது அதிகமா என்பதைத்தான். வெளியூரிலிருந்து வருகிறவர் எப்படியும் சிலரே. உள்ளூரில் தவறிப் போகிறவரோ பலர். அந்த வெள்ளி இரவு வழக்கம் பல ஆண்டுகள் நிலைத்து, 1990களில் மெல்லக் குறைந்தது. ஆட்ட நாளைக் குழுவே வைத்துக்கொள்ளும் காலமும் அதோடு போய்க்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் பணத்தோடு வந்து, ஞாயிறு என்றும் திங்கள் இரவு என்றும் ஆட்டங்களை இழுத்துக்கொண்டார்கள். 2016 முதல் பெரிய லீக் ஆட்டங்களே வெள்ளி இரவிலும் வரலாயின. சின்னவன் கண்டுபிடித்த சந்துக்குள் பெரியவன் வண்டியை விட்டான்!

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல். அங்கே அது கோவில் நாள். 1780ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஞாயிறன்று நுழைவுக் கட்டணம் வாங்கிக் கேளிக்கை நடத்தக் கூடாது என்றிருந்தது. 1974 சனவரியில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் அந்நாட்டில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். வாரத்துக்கு மூன்று நாள்தான் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம். திடல் விளக்கு எரிக்க வழியில்லை. இரவு ஆட்டம் போனதும் ஞாயிறு பிற்பகலைத் தேடினார்கள். சட்டத்துக்கு என்ன செய்வது? உள்ளே வருவது இலவசம். ஆனால் ஆட்டக்காரர் பெயர் அச்சிட்ட தாளை டிக்கெட் விலைக்கு வாங்கிக்கொண்டு வர வேண்டும்! அந்த ஆண்டு சனவரி 20ஆம் தேதி மில்வால் குழுவும் புல்ஹம் குழுவும் ஆடியதே ஞாயிறன்று நடந்த முதல் லீக் ஆட்டம்.

நம் நாட்டுக் கணக்கு வேறு. ஆலைச் சங்குக்குப் பதில் இங்கே வெயிலும் மழையும் தொழுகையும் நேரத்தை வைக்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு நம் ஊரில் ஆடச் சொன்னால் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். பருவக்காற்று மாறும் மாதங்களில் மேற்குக் கரையில் மாலை நேரத்து இடிமழை வேறு. அதனால் அந்திக்குச் சற்று முன் தொடங்கும் ஆட்டமே நம் வழக்கமாயிற்று. 1982 சனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கச் செய்த காரியம் அது. அதனால் பால்மரம் வெட்டப் போகிறவருக்குக் கடிகாரப்படி இருட்டு அரை மணி கூடியது. திடலில் ஆடுகிறவருக்கோ வெளிச்சம் அரை மணி கூடியது. ஐந்தேகாலுக்குத் தொடங்கினால் இடைவேளை உட்பட ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். அதன் பிறகு மக்ரிப் தொழுகை நேரம். நம் நாட்டு லீக்கின் இரவு ஆட்டங்கள் எட்டு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோ தொடங்குவதும், நோன்பு மாதத்தில் இன்னும் தள்ளிப் போவதும் இதனால்தான்.

கிழமையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். ஜொகூரில் 2014 முதல் அப்படி இருந்து, 2025 சனவரியில் மீண்டும் சனி, ஞாயிறு ஆயிற்று. கோலாலம்பூர்க்காரனுக்கு ஞாயிறு இரவு எப்படியோ, கோத்தா பாருக்காரனுக்குச் சனி இரவு அப்படி: மறுநாள் வேலை. ஆட்ட அட்டவணை போடுகிறவர் இதை மறந்தால் திடலில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

இனி நம் கதை.

நாம் அப்போது பணியாற்றியது ஒரு பால்மரத் தோட்டப் பள்ளியில். தோட்டத்து இளைஞர் காற்பந்துக் குழுவுக்கு ஆலோசகர் என்று நம்மை வைத்திருந்தார்கள். ஞாயிறு மாலை ஐந்தேகாலுக்கு ஆடுவது பழைய வழக்கம். ஓராண்டு, திடலின் இரு பக்கமும் கம்பம் நட்டு விளக்குப் போட்டார்கள். புது விளக்கு வந்துவிட்டால் இரவில் ஆடாமல் இருக்க முடியுமா? பிள்ளைகள் வந்து, "சார், ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டரைக்கு வச்சிக்கலாம், அன்னிக்குத்தான் யாருக்கும் வேல இல்ல" என்றார்கள். நியாயமாகப் பட்டது. தலையாட்டினோம்.

முதல் வாரம் திருவிழாப் போலக் கூட்டம். ஆட்டம் முடிந்து, பேசிச் சிரித்து, லயத்துக்குத் திரும்பப் பதினொரு மணி. மறுநாள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மேசையில் தலை வைத்துத் தூங்கினார்கள். அதைக்கூட விளையாட்டாக எடுத்துக்கொண்டோம். மூன்றாம் வாரம், நம் மாணவன் ஒருவனின் தகப்பனார் திங்கள் காலை கண் விழிக்காமல் பெரட்டுக்குப் பிந்திப் போனார். மண்டோர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் சம்பளம் போயிற்று. நான்கு பிள்ளைகள் உள்ள வீடு அது. அன்று மாலை அவர் மனைவி பள்ளி வாசலுக்கு வந்து, சத்தம் போடாமல்தான் கேட்டார்: "ஆட்டத்த யாரும் வேணாங்கல சார். மரம் காத்திருக்குமா, நீங்க சொல்லுங்க?"

மரம் காத்திருக்காதுதான். வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே வெட்டுகிறவர் நான்கரைக்கு எழுந்தாக வேண்டும். நாம் ஆட்டம் நடக்கிற நாளைப் பார்த்தோமே தவிர, அதற்கு மறுநாள் காலையைப் பார்க்கவில்லை. தொழிலாளி வீட்டில் பிறந்த நமக்கே அது தோன்றாமல் போனது வெட்கமாகத்தான் இருந்தது.

மறுபடி கூட்டம் போட்டோம். இந்த முறை தாய்மார்களையும் அழைத்தோம். வெள்ளி இரவு என்றார் ஒருவர். டிரான்மியர் கதை தெரிந்த நமக்கு உள்ளூர ஆசை. ஆனால் வெள்ளி மாலை மாரியம்மன் கோவில் பூசை. மறுநாள் சனியும் வேலை நாள். இங்கிலாந்தில் பொருந்தியது இங்கே பொருந்தவில்லை. வியாழன் என்றால் பக்கத்துப் பட்டணத்தில் பாசார் மாலாம். மறுநாள் ஓய்வு இருக்கிற இரவு சனி ஒன்றே.

சனி என்றதும் இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். காரணம் என்ன தெரியுமா? அதே லிவர்பூல்தான்! இங்கிலாந்தில் சனி பிற்பகல் மூன்று மணி என்பது நமக்கு இரவு பத்து அல்லது பதினொன்று. அங்கே கோடையா குளிரா என்பதைப் பொறுத்து ஒரு மணி வித்தியாசம். மெர்சி ஆற்றங்கரைப் பெரிய கடை, கடல் தாண்டி நம் தோட்டத்துக் கடைத் தொலைக்காட்சிக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. பலகையில் நேரத்தை எழுதிப் பார்த்தோம். எட்டு மணிக்குத் தொடங்கினால் நம் ஆட்டம் ஒன்பதே முக்காலுக்கு முடிந்துவிடும். நம் குழுவில் ஆடிய இரண்டு மலாய் இளைஞர்களும் தொழுதுவிட்டு நிதானமாக வந்து சேரலாம். இங்கிலாந்தில் பன்னிரண்டரைக்கு நடக்கிற முன்னாட்டம் ஒன்றுதான் நம்மோடு மோதும்; அந்த ஓர் ஆட்டத்தில் நம் பிள்ளைகளுக்குப் பிடித்த குழு வருவது எப்போதோ ஒரு வாரம். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

பெண்கள் ஒன்றுக்கு மட்டும் ஒப்பவில்லை. சம்பளம் போட்ட பிறகு வரும் முதல் சனி இரவு வேண்டவே வேண்டாம் என்றார்கள். அன்று கூட்டம் மிகுதியாக வரும், உண்டியலும் நிறையும் என்று செயலாளர் வாதாடினார். கையில் காசும் வயிற்றில் தண்ணியுமாகத் திடலோரம் நிற்பவர்கள் யார் யார் என்று ஒரு பாட்டி பெயர் சொல்லி எண்ணத் தொடங்கியதும் செயலாளர் அமர்ந்துவிட்டார். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் வர இருந்ததோ என்னவோ! சம்பள வாரம் மட்டும் விளக்கில்லாமல், மாலை ஐந்தேகால் என்று முடிவாயிற்று.

ஆண்டு முழுவதற்குமான அட்டவணையை ஒரு பெரிய தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினோம். கந்தூரி, தீமிதி, பரீட்சை வாரம், நோன்பு மாதம் எல்லாவற்றையும் சிவப்பு மையில் குறித்தோம். முதல் ஆட்டத்துக்கு வர வேண்டியது பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக் குழு. அவர்களுடைய வண்டி ஓட்டி இரவில் லோரி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. உடனே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, எட்டு மணியை ஐந்தேகால் ஆக்கினோம். அன்று பெய்த மழையில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். திங்கட்கிழமை வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. கோலை விட்டது யார் என்ற சண்டையைத்தான் அடக்க முடியவில்லை.